குழி விழுந்த சாணைக்கல்லைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்

கல்யாணச் சமையலுக்குப் போகிறவன் நான். அப்பாவும் அதே வேலைதான். அவர் வைத்துவிட்டுப் போன சாணைக்கல்லைப் போன மாதம் ஒரு கடையில் ஏமாந்து கொடுத்துவிட்டேன். கத்தியை நம்பிப் பிழைக்கிற வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குல கனம். கறுப்புக் கார்பரண்டம் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். ஒரு மூலை உடைந்திருக்கும். ஆறாவது படிக்கும்போது கிணற்றடியில் நான் கீழே போட்டு உடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் தீட்டியதில் நடுவில் குழி விழுந்திருந்தது. குழிக்கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கத்தி முழுக்க ஒரே பதம் வராது. தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்ததும் கல்லைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

கடைக்காரர் கல்லின் மேல் ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்தார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. "பாருங்கண்ணே, கல்லு செத்துப்போச்சு. இனிமே இதுல தேய்ச்சா கத்திதான் வீணாப்போகும்" என்றார். கண்ணெதிரே வெளிச்சம் தெரியும்போது நான் என்ன சொல்வேன்? பழைய கல்லுக்கு 100 ரூபாய் கழித்துக்கொண்டு, 1000/6000 என்று அச்சடித்த பெட்டியில் ஒரு தண்ணீர்க் கல்லும் (எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல்), அதை மட்டப்படுத்த என்று வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இன்னொரு கல்லும் கொடுத்தார். கையிலிருந்து போனது 1,400 ரூபாய். பில் போட்டால் விலை கூடும் என்றதும் சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அந்த எண் கூடக் கூடக் கல் நைஸாகும். 1000 எண் கல்லின் துகள் 10-லிருந்து 15 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). 6000 என்றால் சுமார் 2 மைக்ரான். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரிய வேண்டும். நான் வாங்கியதில் இரண்டு பக்கமும் ஒரே சொரசொரப்பு, நிறம் மட்டும்தான் வேறு. 6000 பக்கத்தில் தேய்த்த கத்தியில் கோடு கோடாகக் கீறல் விழுந்தது. இரண்டே வாரத்தில் நடுவில் குழி. மூன்றாவது வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், ஒட்டு விட்டு இரண்டு பலகையாகக் கையில் வந்தது.

எதிர்வீட்டு ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். அவர் அந்த மட்டக்கல்லை வாங்கி, அதன் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். தடித்த கண்ணாடியில் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை) நனைத்து விரித்து, மட்டக்கல்லை அதில் நாலு இழுப்பு இழுத்தார். ஓரக்கோடுகள் அழிந்தன, நடுக்கோடுகள் அப்படியே இருந்தன. "மட்டம் பண்ற கல்லே குழியா இருக்கு தம்பி. இதுல தேய்ச்சா உன் கல்லு நடுவுல மேடுதான் ஆகும்" என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது: "அப்பா கல்லு எங்க? குழி விழுந்தா தேய்ச்சு மட்டமாக்க வேண்டியதுதானே?"

மறுநாள் கடைக்கு ஓடினேன். உபயோகித்த கல்லுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் ஒரு கறுப்புக் கல் சுத்தமாகத் தேய்க்கப்பட்டு, 450 ரூபாய் என்ற ஸ்டிக்கரோடு இருந்தது. மூலை உடைந்திருந்தது. அது என்னுடைய கல் என்றேன். "இது வேற கல்லுண்ணே" என்றார். சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. 450 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுக் கல்லை எடுத்து வந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம் என்றால், காட்டுவதற்குக் கையில் பில் இல்லை.

கார்பரண்டம் என்பது வைரத்தை எட்டாவிட்டாலும் மிகவும் கடினமான பொருள். அதில் செய்த கல் குழி விழுந்ததாலேயே செத்துவிடாது. குறுக்கே விரிசல் விட்டால், பொடிப்பொடியாக உதிர்ந்தால், தேய்ந்து இரண்டு பக்கமும் சேருகிற ஒட்டு வரைக்கும் வந்துவிட்டால் அப்போது மாற்றுங்கள். ஸ்கேலை வைத்து வெளிச்சம் காட்டினால், மட்டமாக்க எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேளுங்கள். கல்லைக் கையைவிட்டு இறக்காதீர்கள். தண்ணீர்க் கல் வாங்குவதானால் இரண்டு பக்கத்தையும் கடையிலேயே தடவிப் பாருங்கள், பில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைக்காரர் நைஸ் பக்கத்தை மட்டும்தான் தேய்த்திருந்தார். சொரசொரப்புப் பக்கத்தில் அப்பாவின் குழி அப்படியே இருந்தது. அதை நேற்று நானே தேய்த்தேன். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுப் பழைய பிசுக்கை எடுத்தேன். சமையல் எண்ணெய் விட்டுத் தீட்டினால் கல்லின் கண் இப்படித்தான் அடைபடும். தையல் மிஷின் எண்ணெய் போதும். பிறகு கண்ணாடி மேல் கார்பரண்டம் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பென்சில் கோடு போட்டுப் போட்டுப் பார்த்ததில், நடுக்கோடும் அழிய ஒன்றரை மணி நேரம் ஆனது.