கோத்தகிரி இலைக் கணக்கில் ஃபெர்னெட்: ஓராண்டு அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பசுந்தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிகளின் மாதப் பட்டுவாடாவுக்கான மென்பொருளை நான் பராமரிக்கிறேன். அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள் தரவுத்தளத்தில் வெளிப்படையாகவே கிடந்தன. காப்புப் பிரதியைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லும் எவரும் அவற்றைப் படித்துவிடலாம் என்பது உறுத்திக்கொண்டே இருந்ததால், பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகத்திலுள்ள ஃபெர்னெட் என்ற கருவியைக் கொண்டு மறையாக்கம் செய்தேன்; அதாவது, ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றினேன்.

128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையோடு, மறையாக்கத்தில் கிடைக்கும் எழுத்துத் தொடரான டோக்கனில் யாரேனும் கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் எச்மேக் முத்திரையையும் ஃபெர்னெட் தானே சேர்த்துவிடுகிறது. எந்த முறையைத் தேர்வது என்று தடுமாறித் தவறு செய்ய இடமே இல்லை. இதன் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்.

நீளத்தில் மட்டும் கவனம் தேவை. 11 இலக்கக் கணக்கு எண், 100 எழுத்து டோக்கனாக நீள்கிறது. நான் 64 எழுத்துக்கே நெடுவரிசை அமைத்திருந்தேன். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்ததால், அது பிழை காட்டி நிறுத்தாமல் மிச்சத்தை வெட்டிவிட்டுச் சேமித்தது. மறுநாள் திறக்க முயன்றபோது ‘இன்வேலிட் டோக்கன்’ என்ற ஒற்றை வரிதான் வந்தது. விவசாயிகளின் பாஸ்புக் நகல்கள் கோப்பில் இருந்ததால் மீண்டும் பதிவிட முடிந்தது.

ஒரே எண்ணை இருமுறை மறையாக்கினாலும் இரண்டு வெவ்வேறு டோக்கன்கள் கிடைக்கும் என்பதால், கணக்கு எண்ணைக் கொண்டு நேரடியாகத் தேட இயலாது. அதற்காக, வேறொரு சாவியால் கணக்கிட்ட, ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒன்றாகவே வரும் எச்மேக் மதிப்பைத் தனி நெடுவரிசையில் வைத்துத் தேடுகிறேன். ஒரே கணக்கு இரு பெயர்களில் பதிவாகியிருந்தாலும் அதில் தெரிந்துவிடுகிறது.

சாவியைக் காப்பது முழுக்க நம் பொறுப்பு. 44 எழுத்துள்ள அந்தச் சாவியைத் தரவுத்தளத்திலோ நிரலிலோ வைக்காமல், சர்வரின் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) வைத்திருக்கிறேன். முத்திரையிட்ட உறையில் ஒரு நகல் தொழிற்சாலையின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சாவி அடியோடு தொலைந்தால் டோக்கன்களிலிருந்து எண்களை எவராலும் மீட்க முடியாது. சாவி தெரிந்த ஊழியர் வேலையை விட்டுச் சென்றபோது, பல சாவிகளைச் சேர்த்துக் கையாளும் மல்டிஃபெர்னெட்டில் புதிய சாவியை முதலாவதாக வைத்து எல்லாப் பதிவுகளையும் அதற்கு மாற்றினேன். பட்டுவாடா ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

குறைகளும் உண்டு. டோக்கன் உருவான நேரம் மறையாமல் வெளியே தெரிகிறது. முழுத் தரவும் நினைவகத்தில் ஏற வேண்டியிருப்பதால் மிகப் பெரிய கோப்புகளுக்கு ஒத்துவராது. கடவுச்சொற்களையும் இதில் இடக்கூடாது. அவற்றுக்கு ஆர்கான்2 போன்ற, மூலத்துக்குத் திரும்ப முடியாத ஒருவழி முறையே சரி. கணக்கு எண், கைபேசி எண் போன்ற சிறு விவரங்களுக்கு ஃபெர்னெட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.