பழைய பேஸ்பால் அட்டைகளைச் சோதிக்க 365 நானோமீட்டர் யுவி (புற ஊதா ஒளி) டார்ச்: வாங்கலாமா?

1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த, வீரர் படம் போட்ட டி206 என்ற பேஸ்பால் அட்டைத் தொகுப்புக்குப் போலிகள் கொட்டிக் கிடக்கின்றன. முதல் சுற்றிலேயே பாதித் தலைவலியைத் தீர்க்க இந்த டார்ச் அருமையான கருவி.

வாங்கும்போது 365தானா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 வகையில் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும். காகிதம் ஒளிர்வது தெரியாது. முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

அறையை இருட்டாக்கி, அட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை வைத்து, இரண்டின் மீதும் டார்ச் அடியுங்கள். ஏ4 பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னும். காரணம், வெண்மையூட்டி ரசாயனம். அது காகிதத்தில் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அட்டை முழுவதும் அதேபோல் மின்னினால் 1909 என்ற பேச்சுக்கே இடமில்லை. மூலையில் மட்டும் திட்டாக மின்னினால் பசையோ ஒட்டுவேலையோ இருக்கலாம்.

மின்னவில்லை என்பதாலேயே அசல் ஆகிவிடாது. வெண்மையூட்டி இல்லாத தாளிலும் போலிகளை அச்சடிக்கிறார்கள். பழுப்பு நிறமோ, டீத் தண்ணீரில் முக்கினாலே வந்துவிடும். அங்கே பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ்தான் கைகொடுக்கும். அசலில் கீழே உள்ள வீரர் பெயர் பழுப்பு மையில் புள்ளியில்லாமல் அடர்த்தியாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்டதில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும்.

லென்ஸ் இல்லாமல் டார்ச்சை மட்டும் வாங்குவது வீண். யுவி தடுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.