மூன்று கிலோவாட்டா, ஐந்து கிலோவாட்டா? மதுரை மாடியில் ஒரு சோலார் கணக்கு

மாடியில் சோலார் வைக்க விலை கேட்டால் முதலில் வரும் கேள்வி, "மாடி எத்தனை சதுர அடி சார்?" என்பதுதான். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்று மனக்கணக்குப் போட்டு, "அஞ்சு கிலோவாட் தாராளமாக வைக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த விலைப்பட்டியல்கள் எல்லாம் ஐந்து கிலோவாட்டுக்கே போடப்பட்டிருந்தன. நான் வைத்தது மூன்று. 2024 ஆவணியில் இணைப்புக் கிடைத்தது. ஐப்பசி அடைமழையும் பங்குனி வெயிலும் கடந்துவிட்டன. இப்போது கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வேன். அந்த எண்ணிக்கை மாடியிலிருந்து வரவில்லை, கரண்ட் பில்லிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர், இரண்டு ஏசி, போர் மோட்டார், பிரிட்ஜ், கிரைண்டர். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 900 யூனிட். கோடையில் ஆயிரத்தைத் தாண்டும், மழைக்காலத்தில் 650 வரை இறங்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் அடுத்த நூறு, யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 800ஐத் தாண்டியபின் வரும் யூனிட்டோ பத்து ரூபாய்க்கு மேல். சோலார் விற்பவர் மட்டும் இதை வசதியாக மறந்துவிட்டு, "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம்" என்று எல்லா யூனிட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பார்.

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. இதை வைத்து என் 900 யூனிட்டைக் குறைத்துப் பார்த்தேன். சோலார் இல்லாமல் பில் ஏறக்குறைய 5,800 ரூபாய். ஒரு கிலோவாட் வைத்தால் 660 யூனிட்டுக்கு வந்து, சுமார் 3,400. இரண்டாவது கிலோவாட் 420 யூனிட்டுக்கு இறக்கும், பில் 1,300. மூன்றாவது 180க்குக் கொண்டுவரும், பில் இருநூறுக்குள். ஆக, முதல் இரண்டு கிலோவாட்டில் ஒவ்வொன்றும் இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது ஆயிரத்து நூறு. நான்காவது? அந்த இருநூறுதான். ஐந்தாவது எனக்கு ஒன்றும் செய்யாது. மின்வாரியம் பில்லில் சேர்க்கும் மற்ற சிறு கட்டணங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இந்த வரிசை மாறாது.

மானியமும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எத்தனை வைத்தாலும் அதே 78,000தான். நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க முழுக்க நம் கைக்காசு. எனக்கு மொத்தச் செலவு இரண்டு லட்சத்து ஐயாயிரம். மானியம் போக ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம். ஆண்டுக்கு முப்பதாயிரத்தை ஒட்டி மிச்சமாகிறது, எனவே நான்கு, நான்கரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். முழுத் தொகையையும் முதலில் நாம் கட்டிவிட வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். எனக்கு நிறுவியவர் தாள்களைத் தாமதமாக ஏற்றியதால் அது இழுத்தடித்தது. அந்த இடைவெளிக்கும் பணம் வேண்டும் என்பதைக் கடன் வாங்கி வைப்பவர்கள் மனத்தில் கொள்ளட்டும். மானியம் வேண்டுமென்றால் பேனல் உள்நாட்டில் தயாரான சூரிய மின்கலங்களால் (செல்) செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பேனலைவிட விலை கூடுதல்தான்.

எங்கள் பில்லைப் பார்த்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து சித்தி போன் செய்தார். "எனக்கும் ஒண்ணு வைத்துக் கொடுப்பா." சித்தி வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், பில் எழுநூறு ரூபாய் அளவில்தான். இரண்டு கிலோவாட் வைத்தால் மானியம் போகவும் எண்பதாயிரம் ஆகும். ஆண்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். "அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள் சித்தி" என்றேன். வருத்தப்பட்டிருப்பார். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இன்றைய கட்டணத்தில் சோலார் ஆடம்பரம்தான்.

இனி மாடிக்குப் போவோம். மூன்று கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 டிகிரி வடக்கே இருப்பதால், தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். பெரிய சரிவு தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தென்னை தெற்கே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது அதன் நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்துத்தான் இடம் குறித்தேன். வைகாசியில் அளந்துவிட்டுப் போகிறவர் இதைப் பார்க்கவே மாட்டார். பேனல்கள் வரிசையாக இணைந்தவை. ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும்.

நம் ஊர் மாடிகளில் தட்டோடு பதித்திருப்பார்கள். அதில் துளை போட்டு போல்ட் இறக்க விடாதீர்கள். அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும். நான் மேலே கான்கிரீட் கட்டைகள் வார்த்து, அதன் மேல் துத்தநாகப் பூச்சுக் கம்பிகளை நிறுத்தச் சொன்னேன். கூடுதலாகச் சில ஆயிரம் ஆனது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; கட்டையின் எடையில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. வடகம் காயப்போடவும் துணி உலர்த்தவும் இடம் வேண்டும் என்பதால் ஆளுயரத்தில் வைத்தோம். இப்போது பேனலுக்குக் கீழே நல்ல நிழல், அடியில் உள்ள படுக்கையறையில் வெக்கையும் ஓரளவு தணிந்திருக்கிறது.

வெயில் கொளுத்தினால் மின்சாரமும் கொட்டும் என்று நினைப்பவர்களுக்குச் சித்திரை ஏமாற்றம் தரும். பேனலின் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். மதிய வெயிலில் கண்ணாடி 65 டிகிரிக்குச் சூடேறினால் 14 சதவீதம் போச்சு. எங்கள் வீட்டில் அதிகம் கிடைப்பது மாசியிலும் பங்குனியிலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாளுக்குக் கிலோவாட்டுக்கு மூன்று யூனிட் கிடைத்தால் பெரிது.

தூசி அடுத்த பிரச்சினை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள 648 மெகாவாட் சோலார் பண்ணையில் பேனல்களைத் துடைக்க ரோபோக்கள் உண்டு. எங்கள் மாடியில் நான்தான். போர் தண்ணீரால் கழுவினால் உப்புக்கறை வெள்ளையாகப் படியும், அது பிறகு எளிதில் போகாது. மழைநீரோ வாய்க்காத நாளில் குடிநீரோ ஊற்றி, விடியற்காலையில் மென்மையான துணித் துடைப்பத்தால் துடைக்கிறேன். மதியச் சூட்டில் குளிர்ந்த நீரை அடிக்கக் கூடாது.

பலர் கேட்கும் இன்னொன்று: கரண்ட் போனால் சோலார் ஓடுமா? ஓடாது. பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர்; மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் வகை, லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மாடியில் வெயில் காய, கீழே பழைய பேட்டரிதான் மின்விசிறியைச் சுற்றுகிறது. பேட்டரியோடு சேர்த்து வைத்தால் செலவு எங்கோ போகும், எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

பகலில்தான் மோட்டார் போட வேண்டும், இரவில் ஏசி கூடாது என்ற பயமும் வேண்டாம். நெட் மீட்டர், நம் பேனலிலிருந்து லைனுக்குப் போனதையும் லைனிலிருந்து வீட்டுக்கு வந்ததையும் கழித்துக்கொள்கிறது, மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகிறது.

பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். விலைப்பட்டியல் வாங்கும்போது இன்வெர்ட்டர் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எர்த் குழிகளும் இடிதாங்கியும் விலையில் சேர்ந்தவையா, பேனலைத் தாங்கும் கம்பியின் உயரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் நான்காவது கிலோவாட்டைப் பற்றிப் பேசலாம்.