நாகர்கோவிலிலிருந்து அங்கோர் வரை: கையேந்துவோர் விஷயத்தில் ஒரு சுற்றுலா நிறுவனம்

குழுச் சுற்றுலாக்களைப் பற்றிய மதிப்புரைகளில் கட்டணம், தங்கும் அறை, மூன்று வேளையும் சோறு கிடைத்ததா என்பவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. நாகர்கோவிலில் இயங்கும் சிறிய நிறுவனம் ஒன்று, திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றி, கோலாலம்பூர் வழியாக, அங்கோர் கோயில்களை அடுத்துள்ள கம்போடியாவின் சியம் ரீப் நகருக்கு அழைத்துச் செல்லும் பயணத்தைப் பற்றிய இந்த மதிப்புரையில் அவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அறைகள் சுத்தமாக இருந்தன. வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. சைவம் மட்டுமே உண்பவர்கள் முதலில் கொஞ்சம் திண்டாடினார்கள். கேட்டதும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். நான் விரிவாக எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. மொழி தெரியாத ஊரில், தெருவில் நம்மை நோக்கி ஒரு கை நீளும்போது கொடுப்பதா, கொடுக்காமல் நகர்வதா என்று தீர்மானிக்க இந்த நிறுவனம் பயணிகளுக்கு எவ்வளவு தூரம் உதவியது என்பதுதான் அது. அறையும் உணவும் நம்மோடு முடிந்துபோகின்றன. நாம் கொடுப்பதும் கொடுக்காததும் நாம் ஊர் திரும்பிய பிறகும் அங்கிருப்பவர்களின் வாழ்க்கையைத் தொடர்கின்றன.

புறப்படும் முன்பு, வடசேரியை அடுத்த ஒரு சிறு மண்டபத்தில் பயணிகளை வரவழைத்துப் பேசினார்கள். விசா, பாஸ்போர்ட் நகல், மாத்திரைச் சீட்டு பற்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கையில் பணமோ மிட்டாயோ பேனாவோ கொடுக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. கைக்குழந்தையோடு வந்து பால்மாவு கேட்பவருக்கு அதை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. கடைசியாக, கையேந்தும் எவருக்குமே எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் இருந்தது. முதல் இரண்டையும் முழுமனதோடு ஏற்கிறேன், மூன்றாவதை ஏற்பதற்கில்லை. சுசீந்திரம் கோயில் வாசல், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, தக்கலை பீர் முகமது தர்கா என்று நம் மாவட்டத்தில் எங்கே போனாலும், எந்த மதத்தவரானாலும், கை நீட்டுபவரைக் கண்டால் மடியில் இருக்கும் சில்லறையைத் தேடுவது வழக்கம். அப்படிப் பழகியவர்களை வெறும் தடையுத்தரவு போட்டு நிறுத்த முடியாது, காரணம் சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தார் புரிந்து வைத்திருந்தது பாராட்டுக்குரியது. அந்தத் தாளில் இல்லாத விளக்கத்தைக் குழுவோடு வந்த வழிகாட்டி, தக்கலைப் பக்கத்து இளைஞர், இடத்துக்கு இடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பால்மாவு விஷயம் சியம் ரீப்பின் பழைய சந்தைப் பகுதியில் நாங்கள் சென்ற முதல் மாலையிலேயே நேரில் வந்தது. இடுப்பில் உறங்கும் குழந்தையும் கையில் காலிப் பால் புட்டியுமாக ஒரு பெண் எங்கள் முன்னால் வந்து நின்றார். பணம் வேண்டாம், பால் மட்டும் போதும் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னபடி, புட்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் வறண்ட அடிப்பகுதியைக் காட்டினார். பிறகு தெருமுனைக் கடையைச் சுட்டினார். நாங்கள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து பெரிய டின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். எங்கள் குழுவில் குளச்சலைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் அதற்குள் பணப்பையைத் திறந்திருந்தார்.

“மக்ளே, பைசாவா கேக்கா? பிள்ளைக்குப் பாலுதானே கேக்கா. வாங்கிக் கொடுத்தா நமக்கு என்ன குறைஞ்சிரப் போவுது?” என்று அவர் வழிகாட்டியிடம் கேட்டார்.

“நமக்கு ஒண்ணும் குறையாதும்மா. ஆனா அந்த டின்னை இந்தப் பிள்ளைக்கு உடைக்க மாட்டாங்க. நாம அந்தப் பக்கம் போனதும் அது திரும்பவும் தட்டுல ஏறிரும். பைசாவை ரெண்டு பேரும் பங்கு வச்சுக்கிடுவாங்க. நாளைக்கு ராத்திரியும் இந்தப் பிள்ளையை இப்படித் தூக்கிட்டு நிக்கணும்” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இது அந்த இளைஞர் தானாகக் கட்டிய கதை அல்ல. சியம் ரீப்பில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஏற்பாடு இது. குழந்தையை இரவலாகவோ வாடகைக்கோ வாங்கி வருவதும் உண்டு. 1994-இல் தலைநகர் பினோம் பென்னில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பும், அது நடத்தும் சைல்ட்சேஃப் இயக்கமும், குழந்தையிடமோ குழந்தையைக் காட்டிக் கேட்பவரிடமோ கொடுக்காதீர்கள் என்று பயணிகளிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகின்றன. குழந்தை இருந்தால் வருமானம் கூடும் என்றாகிவிட்டால் அந்தக் குழந்தையைத் தெருவிலிருந்து வீட்டுக்கோ பள்ளிக்கோ அனுப்ப யாருக்கும் மனம் வராது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரி என்று திட்டிவிட்டுப் போவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய வறுமை உண்மையானது. நள்ளிரவு வரை தூக்கம் கெட்டு அலையும் குழந்தையின் துன்பமும் உண்மையானது. நம் பணம் அந்த அலைச்சலை நீட்டிக்கிறது என்று தெரிந்த பிறகு கொடுப்பது இரக்கமாகாது. வழிகாட்டி அந்தப் பெண்ணைக் கைகூப்பி வணங்கி, கெமர் மொழியில் இரண்டு சொற்கள் பேசி அனுப்பியது எனக்குப் பிடித்திருந்தது. விரட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

கோயில்களில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. அங்கோர் வாட்டின் வாசலிலும் மற்றக் கோயில்களின் வழியிலும், பள்ளி நடக்கும் நேரத்தில், அஞ்சலட்டைக் கட்டும் காந்த வில்லைகளும் ஏந்திய சிறுவர் சிறுமியர் “ஒன் டாலர்” என்று பின்தொடர்கிறார்கள். கன்னியாகுமரி சன்னதித் தெருவில் சங்கு மாலையும் பாசிமணியுமாக வெளிநாட்டவர் பின்னால் ஓடும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். “ஐயோ பாவம்” என்று அந்த வெள்ளைக்காரர் நூறு ரூபாயை நீட்டும்போது, பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே போயிற்று என்று உள்ளூர்க்காரரான நமக்கு உறைக்கும். அங்கே நாம்தான் வெளிநாட்டவர். வாங்கியே தீருவது என்றால் பக்கத்துக் கடையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் வாங்குங்கள் என்று வழிகாட்டி சொன்னது நடைமுறைக்கு ஒத்த யோசனை.

என் கருத்து நிறுவனத்தாரின் கருத்திலிருந்து விலகும் இடம் தா ப்ரோம் கோயிலுக்குப் போகும் மரநிழல் பாதை. அங்கே ஓலைக்கூரையின் கீழ் மேடையிட்டு, கண்ணிவெடியில் அங்கம் இழந்த இசைக்கலைஞர்கள் வாசிக்கிறார்கள். இரண்டு தந்திகள் கொண்ட வாத்தியத்தை இசைத்தவரின் செயற்கைக் கால் கழற்றப்பட்டு, காலணி மாட்டியபடியே அவர் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்வையில்லாத ஒருவர் மூங்கில் சட்டங்களைத் தட்டித் தாளம் பிசகாமல் வாசித்தார். தாங்கள் யார், இந்த வருமானம் எதற்கு என்று பல மொழிகளில் எழுதிய பலகையும் உண்டியலும் முன்னால் இருந்தன. 1979 முதல் கம்போடியாவில் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் ஏறக்குறைய 20,000 பேர் இறந்திருக்கிறார்கள். சுமார் 45,000 பேர் காயமடைந்திருக்கிறார்கள். வயலில் இறங்கி உழைக்க முடியாமல் போனவர்கள் உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய தொழிலாக இசையைத் தேர்ந்திருக்கிறார்கள். இவர்களைப் பால்மாவு ஏற்பாட்டோடு ஒரே வரியில் சேர்த்து, எவருக்கும் கொடுக்காதீர்கள் என்று அச்சடித்தது சரியல்ல. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பெரியவர்கள் சொன்னதில் அறிவது எவ்வளவு முக்கியமோ, இடுவதும் அவ்வளவு முக்கியம். நான் நின்று கேட்டேன், உண்டியலில் போட்டேன். தாளைப் படித்துவிட்டுத் தலை குனிந்தபடி கடந்துபோன சக பயணிகளைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

முதியவர்கள் விஷயத்திலும் இதையே சொல்வேன். நகர நடுவில், அரசப் பூங்காவை அடுத்த சிறு புத்தர் சன்னதியில் தாமரை மொட்டும் ஊதுபத்தியும் வைத்து வணங்கிய உள்ளூர்க்காரர்கள், வெளியே வரும்போது அங்கே அமர்ந்திருந்த வயோதிகர்களுக்கு அந்நாட்டுப் பணமான ரியல் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல் என்பது அங்கே புழங்கும் கணக்கு. ஊர்க்காரர் 500, 1,000 ரியல் கொடுக்கும் இடத்தில் நாமும் அதே அளவில் கொடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இதற்காகக் கடைகளில் மீதிச் சில்லறையாகக் கிடைக்கும் ரியல் நோட்டுகளைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். வெறும் டாலரோடு போனால் கொடுக்க மனமிருந்தும் கை வராது.

இனி, இந்தச் சேவையின் பெரிய குறை. பயணத் திட்டத்தில் “விருப்பமுள்ளோருக்கு” என்ற குறிப்போடு, நகருக்கு வெளியே ஓர் அனாதை இல்லத்துக்குச் சென்று பிள்ளைகளைச் சந்திக்கும் நிகழ்ச்சியும் இருந்தது. தெருவில் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, நான்கு சுவருக்குள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைத்து நன்கொடை வாங்கும் இடத்துக்கு அழைத்துப் போவது முரண். கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பயணிகளின் வருகை கூடியபோது இல்லங்களும் பெருகின என்று யூனிசெஃப் போன்ற அமைப்புகளே கவலை தெரிவித்திருக்கின்றன. பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரித்து வைக்க நம் நன்கொடை காரணமாகக் கூடாது. எங்களில் சிலர் இதை எடுத்துச் சொன்னதும் அந்த நிகழ்ச்சியைக் கைவிட்டார்கள். முதலிலேயே சேர்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக எங்களை அழைத்துச் சென்ற இடம், அங்கோருக்குப் போகும் சாலையிலேயே உள்ள பழைய கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் பெயர் தாங்கிய குழந்தைகள் மருத்துவமனை. சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயாட் ரிக்னர் 1992-இல் பினோம் பென்னில் மீண்டும் திறந்த காந்தா போபா மருத்துவமனையின் தொடர்ச்சியாக, 1999-இல் இது தொடங்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சிகிச்சை முற்றிலும் இலவசம். செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பதில் வல்லவரான அவர், இதே வளாகத்தில் பயணிகளுக்காக வாசித்து, அவர்களிடம் குருதியும் பணமும் கேட்டுப் பெற்று இதை நடத்தினார், 2018-இல் மறைந்தார். 2017 முதல், அங்கோர் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 2 டாலர் இந்த மருத்துவமனைகளுக்குப் போகிறது. 62 டாலர் கொடுத்து மூன்று நாள் சீட்டு வாங்கியவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. வாசலில் குருதிக் கொடை பற்றிய அறிவிப்பு இருந்தது. பால்மாவு வாங்க முடியாமல் மனம் கனத்திருந்த குளச்சல் அம்மா இங்கே தம் பணப்பையைத் திறந்தார், “இது பிள்ளைக்குத்தான் போவும் இல்லியா மக்ளே?” என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, ரசீதையும் வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தார்.

நம் மாவட்டத்தாருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 1838-இல் நெய்யூரில் தொடங்கிய மிஷன் மருத்துவமனை, கடல் கடந்து வாழ்ந்த முகம் தெரியாத மனிதர்கள் அனுப்பிய காணிக்கையால் வளர்ந்தது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அந்தப் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, பின்னர் இங்கேயே வந்து பல ஆண்டுகள் பணி செய்தார். அவர் தெருவில் சில்லறை கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியிருந்தால், நம் முன்னோர் பலருக்கு அறுவை சிகிச்சை கிடைத்திருக்காது.

இந்த நிறுவனத்தின் அங்கோர் பயணத்தில் சேர்வதற்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முக்கியமாக அந்த வழிகாட்டி வரும் குழுவில் இடம் கேளுங்கள். திரும்பி வந்த பிறகு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். அனாதை இல்லத்தை நிரந்தரமாக நீக்கி மருத்துவமனையைத் திட்டத்திலேயே சேர்க்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அச்சுத்தாளின் மூன்றாவது வரியைத் திருத்தி, இசைக்கலைஞர்களையும் சன்னதி வாசல் முதியவர்களையும் விலக்கி எழுத வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவரை பதில் இல்லை. முன்பணம் கட்டும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்து, பழைய வரியே இருந்தால் அதைப் பற்றி நீங்களும் கேளுங்கள்.