விரலா, சூப்பானா, பால்புட்டியா: பேச்சுக்கு எது இடைஞ்சல்?

விரல் சூப்பும் குழந்தையைக் கண்டால் உடனே அதட்டுகிறோம். அதே வயதுப் பிள்ளை பால்புட்டியை வாயில் வைத்துக்கொண்டு பகல் முழுக்கத் திரிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பேச்சு விஷயத்தில் இந்தப் பாரபட்சம் தவறு என்பேன்.

சிலி நாட்டின் படகோனியா பகுதியில் 3 முதல் 5 வயது வரையிலான 128 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. விரல் சூப்பியவர்களுக்கும், 3 வருடமோ அதற்கு மேலோ சூப்பான் (பால் வராத ரப்பர் காம்பு) வைத்திருந்தவர்களுக்கும் பேச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 9 மாதம் வரையாவது புட்டியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அது குறைவு. சின்ன ஆய்வுதான், தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை.

எப்படித் தொடர்பு வரும்? ‘பந்து’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும். ‘வண்டி’ சொல்ல, அதே நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். நடுவில் ரப்பர் இருந்தால் இரண்டுமே நடக்காது. கேட்பதிலும் இதன் பாதிப்பு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த 2015 ஆய்வில், நாக்கை அசையவிடாத பல்கடிப்பான் (பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்கத் தரும் பொம்மை) வாயில் இருந்தபோது, 6 மாதக் குழந்தைகளால் இந்தியில் உள்ள இதே இரண்டு ஒலிகளைப் பிரித்தறிய முடியவில்லை. அது அந்த நேரத்துக்கான விளைவு மட்டுமே. ஆனாலும் பகலில் வாயை அடைத்து வைக்க நான் தயங்குவதற்கு அது போதும்.

விரலுக்கும் சூப்பானுக்கும் இடையே என் ஓட்டு சூப்பானுக்கு. தூங்கும்போது அதைத் தருவது சிசுக்களின் திடீர் மரண அபாயத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் பழகிய பிறகு தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. வேண்டாதபோது எடுத்தும் வைக்கலாம். விரலை எங்கே ஒளிப்பது? அதனாலேயே விரல் பழக்கம் நீண்டுபோகிறது, முன்பற்கள் மேலும் கீழும் சேராமல் இடைவெளி விழுகிறது, ‘ஸ’ சொல்லும்போது நாக்கு அதன் வழியே எட்டிப் பார்க்கிறது. சூப்பானும் நீடித்தால் பல்லுக்கு இதே கதிதான். கூடவே காதுத் தொற்றும் கூடுகிறது. நடுக்காதில் நீர் கோத்தால் ஒலி மங்கலாகத்தான் விழும்.

ஒரு வயதுக்கு மேல் புட்டிக்குப் பதில் டம்ளர். சூப்பான் தூக்கத்துக்கு மட்டும், அதுவும் 3 வயதுக்குள் நிறுத்திவிட வேண்டும். விரலுக்கு அடி, வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். கைக்கு வேலை கொடுங்கள். கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு வராத பிள்ளைக்கு மட்டும் இந்தப் பழக்கங்களைக் காரணம் காட்டிக் காத்திருக்காதீர்கள். முதலில் செவித்திறன் சோதனை.