முகென் ட்ரெயின்: படமா, தொடரா?

பேய் வேட்டை வீரர்களைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடரான டீமன் ஸ்லேயரின் முதல் பருவம் 2019-இல் 26 பாகங்களோடு ரயிலேறும் இடத்தில் நிற்கிறது. அடுத்த கதையான முகென் ட்ரெயின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: 2020 அக்டோபரில் ஜப்பானில் வெளியான திரைப்படம், 2021 அக்டோபரில் தொடங்கிய 7 பாகத் தொடர். எதைப் பார்ப்பது என்று பலரும் குழம்புகிறார்கள்.

நேரம்
படம்: 117 நிமிடம், ஒரே மூச்சு.
தொடர்: கூடுதல் நேரம் ஆகும், ஆனால் பிரித்துப் பார்க்கலாம்.

கதை
படம்: நேராக ரயிலுக்குள் போகிறது.
தொடர்: முதல் பாகம் முழுக்கப் புதியது. ரயிலேறும் முன் ரெங்கோகு என்ற பேய் வேட்டை வீரர் என்ன செய்தார் என்று காட்டுகிறது. மற்ற ஆறும் படத்தைப் பிரித்தவைதான், இடையிடையே சில புதுக் காட்சிகளோடு.

இசை
படம்: லிசா பாடிய 'ஹோமுரா' கடைசியில் வருகிறது.
தொடர்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அவரே பாடிய வேறு பாடல்கள்.

என் ஓட்டு படத்துக்கே. கடைசி அரை மணி நேரச் சண்டையில் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். அதை நடுவில் வெட்டி, பாட்டுப் போட்டு, அடுத்த பாகம் வரை நிறுத்துவது மனசுக்கு ஒப்பவில்லை. அந்த இடத்தில் அழுகை வந்தால் தடையில்லாமல் வரட்டும்.

தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கும் ரெங்கோகு ரசிகர்களுக்கும் தொடர் சரி. அப்புறம், படம் பார்ப்பவர்களும் தொடரின் முதல் பாகத்தை மட்டும் தனியாகப் பார்த்துவிடுங்கள். இரண்டில் எதை முடித்தாலும் அடுத்தது கேளிக்கை மாவட்டக் கதைதான்.