பவானி ஜமக்காளத்துக்கு வூகாமர்ஸில் ஒரு கடை: எட்டு மாத அனுபவம்

மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு ஜமக்காளம்தான் தொழில். வீட்டிலேயே இரண்டு குழித்தறி ஓடுகிறது. நெசவை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு, பார்சல், போன் எல்லாம் நான். மூன்று வருடம் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் விற்றோம். பணம் வந்தது. ஆனால் வாங்கியவர் யார், அவரை மறுபடி எப்படி அணுகுவது என்பது கடைசிவரை தெரியவில்லை. சொந்தக் கடை போட்டே ஆக வேண்டும் என்று வூகாமர்ஸைக் கையில் எடுத்தேன். நான் படித்தது பி.காம்., புரோகிராமிங் தெரியாது.

இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு சேர்த்துப் போடும் பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) இது; தளத்தைக் கடையாக்கும். 2011-ல் வந்தது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. முதல் மாதம் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க இணையத்தில் வாடகை இடம்) வாங்காமல், லேப்டாப்பையே சர்வராக்கும் எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு அதிலேயே பொய்க் கடை நடத்திப் பழகினேன். தொடங்குகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன். என்ன கெடுத்தாலும் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம்.

என் பொருளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிறம், ஒரு அளவு என்றால் பெரும்பாலும் ஒரே உருப்படிதான் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதையே கூடையில் போட்டால்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் மின்வணிகத்தின் அரிச்சுவடி பிடிபட்டது. கூடை வேறு, ஆர்டர் வேறு. கூடையில் இருப்பதால் பொருள் யாருக்கும் சொந்தமாகாது. செக்அவுட்டில் (பணம் கட்டும் பக்கத்தில்) ஆர்டர் போட்டதும் ‘பணத்துக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலைக்கு வந்து, இருப்பில் ஒன்று அவருக்காக ஒதுக்கப்படுகிறது. எவ்வளவு நேரம் என்பதை நாமே வைக்கலாம். வந்தபடியே விட்டால் 60 நிமிடம். அதற்குள் பணம் வராவிட்டால் ஆர்டர் ரத்தாகி, உருப்படி மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். கடையின் டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, அந்த ஆர்டரின் வரிசை அட்டவணையில் மாறுவதை என் கண்ணால் பார்த்தேன். விற்பனைத் தளத்தில் மூன்று வருடம் இருந்தும் இது எதுவும் எனக்குத் தெரியாது.

(2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் ஆர்டர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. அதற்கு முன் வலைப்பதிவுக் கட்டுரைகள் இருக்கும் அட்டவணையிலேயே ஆர்டர்களும் இருந்தன. பழைய வீடியோ பார்த்துப் படிப்பவர்கள் இங்கே குழம்பிப்போவார்கள்.)

சரி, கடையைத் திறந்து இரண்டாவது வாரம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "பணம் போயிருச்சுங்க, ஆனா ரசீது ஒண்ணும் வரலீங்களே." எடுத்துப் பார்த்தால் ஆர்டர் ரத்தாகியிருந்தது. பேங்க் கணக்கில் பணம் இருக்கிறது, கடையில் ஆர்டர் இல்லை! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நடந்தது இதுதான்: அவர் யுபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டு, எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வராமல் போனை மூடிவிட்டார். வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பி வந்து சொன்னால்தான் பணம் வந்தது கடைக்குத் தெரியும் என்ற நிலையில் நான் விட்டிருந்தேன். கேட்வேயின் (நமக்காகப் பணம் வசூலித்துத் தரும் இணையச் சேவையின்) சர்வரே நேராக நம் சர்வருக்குத் தகவல் சொல்ல வெப்ஹூக் என்று ஒன்று இருக்கிறது. நம் கடையின் வெப்ஹூக் முகவரியை கேட்வே பக்கத்தில் பதிந்ததும் பிரச்சினை தீர்ந்தது. நல்லவேளை, அந்தச் சிவப்புப் பட்டை ஜமக்காளத்தை அதற்குள் வேறு யாரும் வாங்கவில்லை, மறுநாளே அனுப்பினோம்.

வரி அமைப்பு எனக்குப் பிடித்த பகுதி. ஈரோட்டுக்கு என்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) பாதி பாதி, வெளிமாநிலமான பாலக்காட்டுக்கு என்றால் ஐஜிஎஸ்டி. மாநிலவாரியாக ஒருமுறை பதிந்தால் போதும். கார்டு எண் பற்றிய கவலையும் இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கவே ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை, எல்லாம் கேட்வே பக்கம் நடக்கிறது.

குறை என்றால் அனுப்புச் செலவு. எடைக்குத் தகுந்த கூரியர் கட்டணம் அடிப்படை மென்பொருளில் கிடையாது. ஆறுக்கு ஒன்பது அடி ஜமக்காளமும் சின்ன பூஜை விரிப்பும் ஒரே கட்டணத்தில் போக முடியாதே! ஷிப்பிங் கிளாஸ் என்ற வசதியில் ‘கனம்’, ‘லேசு’ என்று இரண்டு வகை பிரித்துச் சமாளிக்கிறேன். அப்புறம், 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் அலுவலர் பெயரைத் தளத்தில் போட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று தெரிவிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாமேதான் எழுத வேண்டும்.

ஹோஸ்டிங், டொமைன் சேர்த்து வருடத்துக்கு எனக்கு 4,800 ரூபாய் ஆகிறது. நூறு பொருளுக்கு மேல் இல்லாத, ஆறு மாதம் மாலை நேரத்தை ஒதுக்கக்கூடிய கடைக்காரருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். திறப்பதற்கு முன் ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் போட்டு, வீட்டில் யாரையாவது வாங்கச் சொல்லி, பணம் போனதும் அவர் போனை அணைத்துவிடுங்கள். அந்த ஆர்டர் ‘ப்ராசஸிங்’ (பணம் வந்துவிட்டது, அனுப்ப வேண்டியது) என்று மாறுகிறதா பாருங்கள். மாறிய பிறகு கடையைத் திறக்கலாம்.